நலமான ஊரின் தைல வாசனை

பக்கத்து இருக்கைக்காரி இன்று தைலக் குப்பியைத் திறந்தாள். பச்சைத் தைலம். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டு மூடிவிட்டாள். குளிரூட்டிய அறை. வாசனை வெளியேற வழியில்லை.

"தலைவலியா?" என்று கேட்டேன்.

"சேச்சே. நல்லாத்தான் இருக்கேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். உனக்கு அதை எழுத முடியாது. நீ இருந்தபோதும் அந்த வரியை நம்பியதில்லை.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கிடைத்தது. சென்னையில் கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம். அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்டு, தட்டச்சு செய்து, திருப்பி அனுப்புகிறோம். அங்கே யாரோ ஒரு கிழவருக்கு மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. காலையில் அதிகம், மதியத்துக்கு மேல் பரவாயில்லை. அந்த வலி கடல் தாண்டி வந்து என் காதில் விழுகிறது. பத்துக்கு எத்தனை வலி என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவரும் யோசித்து ஒரு எண் சொல்லியிருக்கிறார். அதைப் பிழையில்லாமல் எழுத எனக்குச் சம்பளம்.

நம் ஊரில் யாரும் எண் சொன்னதில்லை.

*

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் கடைமடைக்கு வந்தது. செய்தி எப்போதும் தண்ணீருக்கு முன்னால் வந்துவிடும். அப்பா குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். நான் புள்ளியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

உங்கள் தெருவுக்கு இது பழக்கம். துபாய், குவைத், சவுதி, எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரே சொல்தான். சபர். பயணம். "மச்சான் சபர்ல இருக்காங்க" என்று உன் கணவரைப் பற்றிச் சொல்வாய். எங்கள் தெருவில் சொல்லே இல்லை. "வெளியில போயிருக்கான்" என்போம், கடைக்குப் போனவனைச் சொல்வதுபோல.

அந்தச் சமயத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. மக்களின் உடல்நலம், மனநலம். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் என்பதால் நம் இரண்டு பேரையும் ஒரே ஊருக்குப் போட்டார்கள், நம் ஊருக்கே. பயிற்சி கூத்தாநல்லூரில். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ சொன்னாய்:

"எந்த ஊர்ல நோய் அதிகமோ அந்த ஊருக்கு லேடி டாக்டர் போடுவாங்களாம்டி. எப்படியாவது நம்ம ஊருக்கு வாங்கிடணும்."

"எதை? நோயையா?"

"நோய் கைவசம் இருக்குடி. டாக்டர்தான் இல்ல."

நம் ஊர் சுகாதார நிலையத்தில் ஆண் மருத்துவர் ஒருவர்தான் இருந்தார். நல்ல மனிதர். பெண்கள் அவரிடம் நாக்கை நீட்டுவார்கள், கையை நீட்டுவார்கள். அதற்கு மேல் எதையும் காட்ட மாட்டார்கள். உங்கள் தெருவிலும் இல்லை, எங்கள் தெருவிலும் இல்லை.

*

முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி? மிக நன்று, நன்று, சுமார், மோசம்.

"நல்லா இருக்கோம்மா." எல்லா வீட்டிலும். கால் வீங்கி எழுந்து நிற்க முடியாமல் இருந்த பெண் உட்கார்ந்தபடியே சொன்னார், அல்ஹம்துலில்லா, ஒரு குறையும் இல்லை என்று. உங்கள் எதிர்வீட்டு மாமி தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"தலைவலிங்களா மாமி?" என்றேன்.

"இல்லம்மா. சும்மாதான் கட்டியிருக்கேன்."

"அழகுக்கா மாமி?" என்றாய் நீ.

"போடி வாயாடி. நோயை விசாரிக்க வந்தீங்களா, இழுத்து விட வந்தீங்களா? நல்ல வார்த்தையா நாலு கேளுங்க."

எங்கள் தெருவும் சளைத்ததில்லை. கடந்த மாதத்தில் மனச்சோர்வு அடைந்தீர்களா என்று படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"சோறா? தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்தவகிட்ட சோத்தையா கேக்குற? வா, உக்காரு, சாப்புடு."

அவருடைய இரண்டு மகன்களும் வெளியில். வயல் தரிசு. அரிசி ரேஷன் கடையில் வாங்கியது. நீ சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாய். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

பிறகு ஆண்கள். வெளிநாட்டில் இருப்பவர்களையும் குடும்ப உறுப்பினர்களாக எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மனைவியிடமோ தாயிடமோ கேட்க வேண்டும்.

"நல்லா இருக்காங்களாம்."

இருக்காங்களாம் என்பதன் கடைசியில் வரும் 'ஆம்'. அந்த ஒற்றை விகுதி. தொலைபேசியில் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை, பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய. இவ்வளவும் அந்த 'ஆம்'க்குள் இருந்தது. அதை எழுதக் கட்டம் இல்லை. 'நன்று' என்று எழுதினோம். பாலைவன வெயிலில் நிற்கும் மனிதர்களின் உடம்பை நம் ஊர்க் கூடங்களில் உட்கார்ந்து நன்று, நன்று, நன்று என்று எழுதிக்கொண்டே போனோம்.

அவர்கள் இங்கே விசாரித்தாலும் இதே பதில்தான். ஊர் வழக்கம் அது. "சபர்ல இருக்கவங்களுக்கு நல்லதைத்தான் சொல்லணும்." காய்ச்சல் சொல்லக்கூடாது. கூரை ஒழுகுவதைச் சொல்லக்கூடாது. மய்யத்து விழுந்தால்கூட அடக்கம் முடிந்து, கொஞ்ச நாள் விட்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும். சொன்னால் அங்கே இருப்பவருக்கு மனசு கெட்டுவிடும். மனசு கெட்டால் கிளம்பி வந்துவிடுவார்.

*

மூன்றாவது தெருவில் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததும் நின்றாய்.

"இந்த ஊர்ல கேள்வி கேக்கக் கூடாதுடி. மோந்து பாக்கணும்."

"என்னத்தை?"

"உள்ள போனதும் மூக்குல என்ன ஏறிச்சு?"

தைலம். சபராளிகள் விடுமுறைக்கு வரும்போது சோப்பு, சென்ட், பால் பவுடரோடு கொண்டுவரும் பச்சைத் தைலம். ஒவ்வொரு வீட்டுக் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் "வாங்க வாங்க" வந்தது. தலைவலி இல்லை, மூட்டுவலி இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது. தலையணை உறை முழுக்கத் தைலம்.

அன்றிலிருந்து படிவத்தின் கடைசியில் குறிப்புகள் என்று விட்டிருந்த இடத்தில் நீ எழுத ஆரம்பித்தாய். தைல வாசனை, அதிகம். தைல வாசனை, குறைவு. ஒரு வீட்டில் 'தைலத்தை மறைக்க சாம்பிராணி' என்றுகூட எழுதினாய்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார். கோபக்காரர் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"என்னம்மா இது, தைலம் கிய்லம்னு?"

"நோய்ங்க சார்."

"அவங்க சொன்னாங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். வீடு சொல்லுது."

"சொன்னதை எழுதும்மா. மோந்ததை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது."

வெளியே வந்து, அவர் சொல்வது சரி என்று நான் உனக்கு விளக்கினேன். அளக்க முடியாததைச் சேர்க்க முடியாது, ஒருவர் மூக்கு போல இன்னொருவர் மூக்கு இருக்காது, என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாய். "அப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கறது வாய்தானா?" என்றாய்.

*

சொந்த வீட்டை அவரவர் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் உன் வீட்டுக்கு நான் வந்தேன். உன் மாமி, உன் கணவரின் அம்மா, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்மில்க் கொடுத்தாய். "ஆபீசர் அம்மா வந்திருக்காங்க, ஃபேனைப் பெருசா வைங்க மாமி" என்றாய்.

மாமியே எல்லோருக்கும் பதில் சொன்னார். மகன் நல்லா இருக்கானாம். தான் நல்லா இருக்கிறார். உன்னைக் காட்டி, "இவளுக்கென்ன. குதிரை."

"அவங்களையே கேக்கணும் மாமி" என்றேன். உன்னைப் பார்த்து, விளையாட்டாக, மரியாதையோடு கேட்டேன். பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படிங்க?

நீ என்னைப் பார்த்தாய். பிறகு மாமியைப் பார்த்தாய். தொலைபேசி அலமாரியில், பின்னல் துணி போர்த்தி இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து உன் கணவர் கூப்பிடுகிற நேரம்.

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன்."

எழுதினேன். நன்று. வீட்டில் தைல வாசனை இருந்தது. உன் மேலும் இருந்தது. நாள் முழுக்க அந்த வீடுகளில் ஏறி இறங்குகிறோம், என் தாவணியிலும்தான் இருந்தது.

*

முடிவுகள் வந்தபோது உன்னைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துச் சொன்னேன். வட்டாரத்திலேயே நம் ஊர்தான் நலமான ஊர். பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். உடல்நலத்திலும் பச்சை, மனநலத்திலும் பச்சை. லேடி டாக்டர் வேறு ஊருக்குப் போனார். அங்கே 'சுமார்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

"நம்ம ஊரு ஃபர்ஸ்ட்டாடி?" என்றாய். "மாமிகிட்ட சொல்றேன். பாயசம் வைக்கட்டும்."

பேருந்து வந்தது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நீ இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாய். எந்தப் பேருந்துக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

*

பிறகு தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி. உன் கணவர் விசா முடிந்து வந்த பிறகுதான் தெரிந்து, அழைத்துப் போயிருந்தார். மார்பில் கட்டி. நெடுநாளாக இருந்திருக்கிறது. வராந்தாவில் என்னிடம் அவர், "போன்ல ஒரு வார்த்தை சொல்லலையேம்மா, ஒரு வார்த்தை" என்றார். வெயில் தின்ற கைகள். அவரும் நன்றாக இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

"லேடி டாக்டர் கெடச்சுட்டாங்கடி" என்றாய் என்னைப் பார்த்ததும்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதான் பஸ்ல சொன்னேனே, நோய் கைவசம் இருக்குன்னு. காது கேக்கலையா?"

"என்கிட்டயாவது..."

"உன்கிட்ட சொன்னா நீ எழுதியிருப்ப. மாமி பாத்திருப்பாங்க. போன் வந்திருக்கும். மச்சான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருப்பாங்க. வந்தா திரும்பிப் போக முடியுமா?" மூச்சு வாங்கியது. "டாக்டர் ஊருக்கே வந்துட்டா, காய்ச்சல்னு சொல்லிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்னு நெனச்சேன். அவ்ளோதான் கணக்கு."

தலையணையில் சாய்ந்துகொண்டாய். பிறகு, "கேளேன்" என்றாய்.

"எதை?"

"உன் முதல் கேள்வியை. ஒழுங்காக் கேளு, ஆபீசர் மாதிரி."

கேட்டேன். பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?

"மோசம்ங்க" என்றாய். நான்காவது கட்டம். அத்தனை வீடுகளிலும் நாம் ஒருமுறைகூடக் குறி போடாத கட்டம். "எழுதிக்குங்க."

சிரித்தாய். என் கையில் பேனாகூட இல்லை.

*

மய்யத்தைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். குளிப்பாட்டி, கற்பூரமும் அத்தரும் வைத்திருந்தார்கள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு உன்னிடம் அந்தத் தைல வாசனை இல்லை. எதிர்வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலையில் துணி கட்டியிருந்தார். ஷார்ஜாவில் இருக்கும் உன் தம்பிக்கு இப்போது சொல்ல வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. புள்ளியியல் படித்தவளுக்கு மட்டும் தோன்றக்கூடியது. எந்த ஊரில் உயிர் போகிறதோ அந்த ஊரில்தான் இறப்பைப் பதிவுசெய்வார்கள். நீ தஞ்சாவூரில் இறந்தாய். தஞ்சாவூர்க் கணக்கில் சேர்ந்தாய். நம் ஊர்க் கணக்கில் நீ இல்லை. அது இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

நீ எனக்கு விட்டுப்போனது ஒரு மூக்குதான். அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. பேருந்தில், மின்தூக்கியில், விடுதி அறையில், யார் அருகில் வந்தாலும் முதலில் மோந்து பார்க்கிறேன். தைலம். நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறேன். நல்லா இருக்கேன் என்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரி இப்போது இரண்டாவது முறையாகக் குப்பியைத் திறக்கிறாள்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். அண்ணன் நல்லா இருக்கானாம். அப்பா நல்லா இருக்கார்.

"நீ?"

"எனக்கென்னடி. நல்லாத்தான் இருக்கேன்."

கைபேசியைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். போனில் வாசனை வராது.

"நீ எப்படி இருக்க?" என்றாள்.

நான் சபரில் இருப்பவள். ஆனால் வழக்கம் இரண்டு பக்கத்துக்கும்தான்.

"நல்லா இருக்கேம்மா" என்றேன்.