மச்சாளின் துவக்குப் பெட்டி

மச்சாள், இன்று காலை வீடு கூட்டும்போது கட்டிலுக்கடியில் கிடந்த உங்கள் நீளப் பெட்டியைத் திறந்தேன். கறுப்புப் பஞ்சில் உங்கள் வேட்டைத் துவக்கு கிடந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. எண்ணெய் மணத்தோடு மிளகாய்த்தூள் நெடியும் கிளம்ப, தும்மித் தும்மிக் கண்ணீர் வந்தது. எல்லாம் தும்மலால் வந்ததல்ல. சுகமில்லாமல் போனதும் துவக்கை நீங்களே கடையில் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு பெட்டி மட்டும் எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் தங்கிவிட்டது.

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பம் நாங்கள். அதில், லைசென்ஸ் எடுத்து ஸ்கொட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்குப் போன ஒரே ஆள் நீங்கள்தான். "அக்காவுக்கு விசர்" என்றார் உங்கள் தம்பி, என் கணவர். ஏன் என்று நான் கேட்டபோது, "துவக்குப் பிடிச்சவங்களைத்தான் நான் பார்த்தனான். துவக்கை ஒருக்கா வடிவாப் பார்க்கவேணும்" என்றீர்கள். அந்த மான் இறைச்சியை நீங்கள் கறி காய்ச்சிய அன்று, உங்களைப் பழித்த சனம் எல்லாம் சட்டியோடு வந்து நின்றது.

நோர்வே வேட்டைக்கு விமானத்தில் துவக்குக் கொண்டுபோகப் பெட்டி வாங்கப் போனோம். கடைக்காரர் காட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டி, மூடியின் மூலையை இழுத்துப் பார்த்தீர்கள். விரல் நுழைந்த பெட்டிகளைத் தள்ளி வைத்தீர்கள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒன்றின்மேல் ஏறி நின்றீர்கள். கடைக்காரர் வாய் பிளந்தார், நானும்தான். ஒரு துவக்குக்குச் சின்னது போதும் என்று அவர் சொல்லியும், இரண்டு கொள்ளும் பெட்டியைத்தான் எடுத்தீர்கள். அதற்கும் ஏதோ நுட்பமான காரணம் இருக்கும் என்று நம்பினேன்.

காரணம், நான் உங்களை வழியனுப்ப வந்த விமான நிலையத்தில் தெரிந்தது. துவக்கைச் சோதிக்கும் மேசையில் நீங்கள் பெட்டியைத் திறந்தால், மிச்ச இடம் முழுக்க ஈயத்தாள் சுற்றி ஒட்டுநாடா போட்ட பொட்டலங்கள். ஒஸ்லோ மாமிக்கு மிளகாய்த்தூள்! பெட்டியில் வெறும் இடம் கண்டால் எங்கள் சனத்துக்குக் கை சும்மா இராது. அவ்வளவு விவரம் தெரிந்த உங்களுக்கும் இராதென்று அன்றுதான் கண்டேன்.

அதிகாரியின் முகம் மாறியது. துவக்கேந்திய பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். இது என்ன, யார் கட்டியது என்று கேட்டார்கள். பதில் பிசகினால் பயணம் மட்டுமல்ல, லைசென்சும் போய்விடும். ஊரில் இராணுவக் காவலரணில் எங்கள் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் சொல்ல வாய் திறந்ததற்கே என் அண்ணை அடி வாங்கினார்.

நீங்களோ, "நான்தான் கட்டினேன், மிளகாய்த்தூள், வைத்தது என் பிழை" என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அனுமதி கேட்டு ஒன்றைப் பிரித்தீர்கள். முகர்ந்து பார்த்த பொலிஸ்காரர் தும்மத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தார். அதற்குள் நீங்கள் துவக்கைச் சுட வைக்கும் போல்ட் கழற்றித் தனியாகக் கிடப்பதையும், உள்ளே ரவைக்குண்டு இல்லை என்பதையும் அதிகாரிக்குக் காட்டி முடித்திருந்தீர்கள். மச்சாள், சிறுவயதில் ஊரில் துவக்குக்காரர் வரும்போதெல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த பெண்ணின் கைகளா இவை என்று மலைத்துப்போய் நின்றேன். பொட்டலங்களை என் கையில் தந்தார்கள். பெட்டி உங்களோடு போக அனுமதி கிடைத்தது.

"பயமா இருக்கேல்லையோ மச்சாள்?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலோ! ஆனா இஞ்ச கேள்வி கேட்டவன், நான் பதில் சொல்லி முடிக்குமட்டும் நிண்டு கேட்டவன். அது எங்களுக்கு ஊரில கிடைக்கேல்லை. நீரும் இனிக் குனியாமல் பதில் சொல்லும்."

போன கிழமை ரயில் ஸ்டேஷன் வாசலில், துவக்கோடு நின்ற பொலிஸ்காரர் ஒருவர் என்னை மறித்துப் பையில் என்ன என்று கேட்டார். முன்பென்றால் அழுதிருப்பேன். அவர் கண்ணைப் பார்த்தேன். பதிலை முழுதாகச் சொல்லி முடித்தேன், மச்சாள். அவரும் நின்று கேட்டார்.