கோட்டைக் கழற்றி வென்ற வான்கோழி

வயோமிங், நவம்பர் 17

அன்புள்ள ஆர்வில்,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்த எனக்கு வாய்த்த இந்தப் பள்ளியின் பதினோரு பிள்ளைகளும் நானும் இங்கே நலம்.

தோள் அறுவைக்குப் பிறகு என் வேட்டைத் துப்பாக்கியை விற்கச் சொன்னீர்கள். நான் விற்கவில்லை. சமையலறை மேசையில் வைத்து, தோளில் பதியும் முனைக்குத் தடித்த ரப்பர் மெத்தையும் மேலே புதுத் தொலைநோக்கியும் நானே பொருத்தினேன். ஸ்வெட்டரோடு பிடித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. சனிக்கிழமை நடக்கும், வான்கோழியைப் பரிசாகத் தரும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று குண்டு.

முதல் குண்டு இலக்கு அட்டையிலேயே படவில்லை.

"டீச்சரம்மா, அது சாக்பீஸ் இல்ல, தூக்கி எறிய!" என்றார் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மர்.

கனத்த காலுறையோடு பூட்ஸைப் போட்டுப் பார்த்து வாங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்பவள் நான்; துப்பாக்கியை மட்டும் கோட்டுப் போடாமல் அளவு பார்த்திருக்கிறேன். கோட்டும் ரப்பரும் சேர்ந்து துப்பாக்கி எனக்கு நீளமாகிவிட்டது. கண் தொலைநோக்கிக்கு எட்டவில்லை. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டேன்.

"விறைச்சுப் போயிடுவீங்க!"

"அதான் சீக்கிரம் சுடப்போறேன். நகருங்க, டெல்மர்."

இரண்டாவது குண்டு நடுப்புள்ளியின் ஓரத்தைத் தொட்டது. மூன்றாவது அந்தப் புள்ளியையே காணாமல் போகச் செய்தது. தோள் துளிகூட வலிக்கவில்லை! நான் வென்ற வான்கோழியை வண்டிவரை சுமந்து வந்த டெல்மர், "துப்பாக்கிய விக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்றார். விற்பதாக இல்லை, ஆர்வில்.

நம் வீட்டில் விட்டு வந்த என் பழுப்பு ஸ்வெட்டரும் பெரிய அடுப்புத் தட்டும் வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். பதினெட்டு ராத்தல் பறவை, என்னிடம் ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு. நீங்கள் வரும்வரை வான்கோழி வெளியே பனியிலேயே கிடக்கும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

லோர்னா