மழைக்குக் கொண்டுபோன தண்ணீர்

காலையிலிருந்து கைப்பேசி விட்டுவிட்டு அலறுகிறது. பாலக்காடு மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று மலையாளத்தில் செய்தி. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நம் வடகரப்பதித் தெருவில் ஒரு டிராக்டர் போனது. அது கிளப்பிய புழுதியை மேக்காத்து அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கோயமுத்தூர் மாவட்டத்தில் சேர்த்தது. மழைக்காகக் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருப்பதால் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேகங்கள் மட்டும் தலைக்கு மேலே, வேறெங்கோ அவசர வேலை இருப்பதுபோல, நிற்காமல் போகின்றன.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, உன் நீலக் கேன் இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது என்பது. கைப்பிடியில் உன் பச்சைத் துண்டு முடிச்சோடு அப்படியே கிடக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பிளாஸ்டிக் வாடை, கொஞ்சம் பாசி, அதற்கும் அடியில் ஈரத் தேயிலை. மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். உன் வீட்டுக்காரி இதைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

"ஏனுங்ண்ணா, இந்த வருசம் எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்டாள், நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி என்பதுபோல.

"யாரு கூட அம்மிணி போறது?"

"என்ற கூடத்தானுங்க. வண்டிய நான் ஓட்டறேன்."

நீ மாசியில் போனாய். மோட்டார் ரூமுக்குப் போனவன் திரும்பவில்லை, அவ்வளவுதான். இது ஆடி. உன் பழைய வேனைக் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் விலை பேசிவிட்டார். ஆவணி பிறந்துதான் எடுப்பாராம், ஆடியில் வண்டி வாங்கக் கூடாதாம். ஆகவே உன் வீட்டுக்காரிக்கு அந்த வேனில், நாம் வருஷா வருஷம் மழை பார்க்கப் போன மலைக்குப் போக இந்த ஒரு மாதம்தான் இருக்கிறது. திட்டம் போட வேண்டியவன் நான். திட்டம் போடுவது உன் இலாகா. எனக்கு ஏறி உட்காரத்தான் தெரியும்.

உன் கொள்கையை நினைத்துப் பார்க்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது, காதுகுத்து கிடையாது. மொய் எழுத வேண்டாம். மற்ற மாதமெல்லாம் ஊராருக்கு வைத்த மொய்யை இந்த மாதம் நமக்கு நாமே வைத்துக்கொள்ளலாம் என்பாய். "ஆடிதான் மாப்ள நம்மளாட்ட ஆளுகளுக்குச் சீசன்." மலையாளிகளும் அதே மாதத்தைக் கர்க்கடகம் என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுவார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், இந்த மாதத்தில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்பது. அதனால் மலையில் அறைகள் காலியாக இருக்கும். நல்ல காரியத்தில் சேராத இரண்டு பேர் அங்கே போய் மழை பார்க்கலாம்.

வைகாசியிலேயே டீக்கடையில் திட்டம் தொடங்கிவிடும். முதலில் சாப்பாட்டுச் செலவை நீக்குவாய்: புளிச்சோறும் வறுத்த கடலையும் வீட்டிலிருந்து வரும். பிறகு அறைச் செலவை வெட்டுவாய். பெட்ரோலை மட்டும் நீக்க முடியவில்லை என்பதில் உனக்குக் கடைசிவரை வருத்தம்தான். அதற்குப் பழிவாங்க ஒரு வழி கண்டுபிடித்தாய். கேரளத்தில் ஓர் ஊரிலிருந்து கேரளத்தில் இன்னோர் ஊருக்குப் போக, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பகல் முழுக்கத் தமிழ்நாட்டில் ஓட்டினோம். அங்கே பெட்ரோல் விலை குறைவு. அதோடு, மலை அடிவாரம் வரை மழை கிடையாது, வைப்பருக்கு வேலை இல்லை.

வைப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்றுதான் இருந்தது, உன் பக்கம். என் பக்கத்தது உடைந்தபோது நீ மாற்றவில்லை.

"ஏன்டா, நானும் மழையத்தானே பாக்க வர்றேன்?"

"நீ எழுதறவன் மாப்ள. பாக்காமத்தானே எழுதறே."

அப்படியாக, வருஷா வருஷம் குமுளி மலைச்சாலையில் என் கண்ணாடி வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்க, வெளியே என்ன தெரிகிறது என்று உன்னிடம் கேட்பேன். யானை நிக்குது என்பாய். அருவி என்பாய். ஒருமுறை, உன் மாமனார் நிற்கிறார் என்றாய். நான் பத்திரிகையில் எழுதிய மலைப் பயணக் கட்டுரைகள் எல்லாம் இப்படித் திரட்டிய தகவல்கள்தாம்.

ஆனால் நான் அதிகம் சிரித்தது கேனைப் பார்த்துத்தான். இடுக்கி மலை முழுக்கத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும் மாதத்தில், நம் போர்வெல் தண்ணீரை ஒரு கேன் நிறையப் பிடித்து மேலே கொண்டுபோன ஆள் நீதான். குமுளி சோதனைச் சாவடிக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். விரல் விட்டு நக்கினார். அதில் குற்றம் எதுவும் இல்லாததுதான் அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. "இது எதுக்கு?" என்று கேட்டார். "எங்கூருல யாரும் வெறுங்கையோட வரமாட்டமுங்க சார்" என்றாய். என்னிடம் வேறு காரணம் சொன்னாய்: மலைத்தண்ணி குடித்தால் சளி பிடிக்கும்.

நாம் தங்கும் ஏலப்பாறையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, கடைக்கு மேலே அறை வாடகைக்கு விடுகிறாளே, அவள் முதல் வருஷம் கேட்டது காதிலேயே நிற்கிறது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக் களைத்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏண்ணே, இம்புட்டு மழைக்குள்ள தண்ணியவா தூக்கிட்டு வந்திருக்கீக? உங்க ஊர்ல ஆஸ்பத்திரியில காட்டலையா?"

"ஒரு கிளாஸ் குடிச்சுப் பாருங்க்கா."

குடித்தாள். "யேசுவே, என்னா உப்பு!"

அடுத்த வருஷத்திலிருந்து அவளே கேட்டு வாங்க ஆரம்பித்தாள். மழையில் மனம் சலித்துப்போனால் அதில் ஒரு மடக்கு குடிப்பாளாம், நம்ம ஊரே தேவலை என்று ஆகிவிடுமாம். மழைக்காலத்தில் அவள் பாதி வாடகைதான் வாங்குவாள். அறையில் பாதிதான் ஒழுகாது என்பதால் அது நியாயமான ஏற்பாடு. திரும்பும் நாளில் ஓடையில் கழுவி, மலைத்தண்ணீர் நிரப்பி, கேனை வண்டியில் ஏற்றுவாய். சளி பிடிக்கும் தண்ணீரை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு இப்படிச் சில கேள்விகள் தப்பிவிடும்.

நேற்று உன் வீட்டுக்காரியிடம், வெறுங்கேனாகவே கொண்டுபோகலாமே, பாரமும் பெட்ரோலும் மிச்சம் என்றேன். உன் பள்ளியில் படித்தவன் அல்லவா. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேன் நிறைந்துவிட்டது.

"வெறும் குடம் எதுக்க வந்தாலே நாம திரும்பி ஊட்டுக்குள்ள போயிருவோம். வெறுங்கேன வண்டியில வெச்சு அனுப்புவனுங்களா? நாந்தான் வருசா வருசம் நெறைய ரொப்பிக் குடுப்பேன். அங்க ஊத்திட்டு அந்தத் தண்ணியக் கொண்டாருவாரு."

"அது எதுக்கு?"

"பருப்புக்குங்ண்ணா! நம்ம போர்த் தண்ணியில பருப்பு என்னைக்கு வெந்துச்சு? அந்தத் தண்ணியில போட்டா ஒரே கொதியில பூவாட்ட மலர்ந்துரும். பருப்புக்கு மட்டும் ஊத்தி ஊத்தி ஆவணி கடைசி வரைக்கும் ஓட்டிருவேன்." கொஞ்ச நேரம் துண்டு முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "அது எங்கிருந்து வருதுன்னு ஒருக்காப் பாக்கோணுமுங்க. வேற ஒண்ணுமில்ல."

இத்தனை வருஷமும் மலைப் பயணத்தில் அவளுக்குக் கிடைத்த பங்கு ஒரு கேன் தண்ணீர். மூன்றாவது ஆள் ஏறினால் செலவு ஏறும் என்று அவளை விட்டுவிட்டுப் போனவன் நீ. அந்தத் தண்ணீருக்காக ஊர் சிரிக்கட்டும் என்று விட்டவனும் நீ. இரண்டையும் எந்தக் கட்டுரையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன், உன் அண்ணன் வந்தார்.

"வருசம் திரும்பாம மலை ஏறக் கூடாதுங்கறது சின்னப் புள்ளைக்கும் தெரியும். படிச்ச ஆளு, உனக்குத் தெரியாதா?" என்று என்னைத்தான் கேட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஓராண்டுக்கு மலையேறுவதில்லை என்பது எனக்கும் தெரியும். அது கோயில் இருக்கிற மலைக்குத்தான் என்றேன்.

"சாமி இல்லாத மலை எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்."

உலகத்து மலைகளை எல்லாம் மனசுக்குள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. உன் வீட்டுக்காரி எழுந்தாள். நாளைக்குப் புளிச்சோற்றுக்காக ஊற வைத்திருந்த புளியை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். அந்தச் சட்டியை அவள் மூடிய சத்தம் உன் அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செரி, அடிவாரம் வரைக்கும் போங்க. கீழ நின்னு பாத்துப்போட்டுத் திரும்பீரோணும். உங்கள நம்ப முடியாது, நானும் வாறேன்."

அடிவாரத்தில் மழை இருக்காது. அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். விடிந்தால் கிளம்ப வேண்டும். எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், கேனைப் பார்க்கிறேன். நீ இருந்தால் இதற்கும் ஒரு சுற்றுவழி சொல்லியிருப்பாய்.

இதுவரை எழுதியது நேற்று. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரி கேனை நிரப்பி ஏற்றினாள், உன் அண்ணன் ஒரு பையோடு வண்டியில் ஏறினார். உன் வீட்டுக்காரி நன்றாக ஓட்டுகிறாள். பால் சொசைட்டிக்கு ஓட்டிய பழக்கம். உன்னைப் போல மாட்டுவண்டிகளோடு வாக்குவாதம் செய்வதில்லை. கம்பம் தாண்டி லோயர் கேம்ப்பில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில், சொன்ன சொல் மாறாமல் நிறுத்தினாள். இறங்கினோம். வெயில். எதிரே மலை, அதன் உச்சியில் மேகம் சாம்பல் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு துளி இங்கே இறங்கவில்லை.

"அக்கட்டப் பேயுதாட்ட இருக்குது" என்றார் உன் அண்ணன்.

"ஆமாங்க மாமா."

"பாத்தாச்சல்லோ?"

"பாத்தாச்சுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் வேனின் பின்கதவைத் திறந்தாள். "இத மட்டும் எறக்கி ஊத்திரலாமுங்களா மாமா? பாரத்தோட எதுக்குத் திரும்போணும்?"

உன் அண்ணன் கேனைப் பார்த்தார். உனக்குத் தெரியும், எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்த்தவர், எத்தனை முறை புகை மட்டும் வந்ததைப் பார்த்தவர். பைப்பில் சொட்டு விழும் சத்தம் கேட்டால் பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்.

"தண்ணியக் கீழ ஊத்தறதா?"

"வேற என்னங்க பண்றது?"

"நல்லாருக்குது பேச்சு! நெறைஞ்ச தண்ணிய நடுரோட்டுல ஊத்திப்போட்டு வெறுங்கேனோட ஊட்டுக்குப் போறதா?" சாலையை ஒருமுறை பார்த்தார், மலையை ஒருமுறை பார்த்தார். எது பெரிய பாவம் என்று அவருக்குள் பஞ்சாயத்து நடந்தது. "குடுக்க வேண்டியவங்ககிட்டக் குடுத்துப்போட்டு ஒடனே எறங்கீரோணும். என்ன?" என்றார். பிறகு பையைத் திறந்து ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாயையும் எடுத்து மாட்டிக்கொண்டார். அடிவாரத்து வெயிலுக்கு அவற்றை ஏன் கொண்டுவந்தார் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரண்டு வளைவு ஏறியதும் மழை வந்து வண்டி மேல் விழுந்தது. என் கண்ணாடி வழக்கம்போல வெள்ளையாகிவிட்டது. பழக்கதோஷம், வாய் தானாகவே கேட்டது: "என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலீங்ண்ணா. ரோடு மட்டுந்தான்."

யானை இல்லை, அருவி இல்லை. உன் மாமனாரும் இல்லை.

ஏலப்பாறையில் வண்டி நின்றதும் அக்கா குடையோடு ஓடிவந்தாள். தாமதத்துக்கு உன்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தபடியே டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். அங்கே உன் வீட்டுக்காரி இருந்தாள். அக்கா அவள் கழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாள். பிறகு, "உப்புத்தண்ணி கொண்டாந்தீகளாம்மா?" என்று கேட்டாள்.

"கொண்டாந்திருக்கறனுங்க்கா."

உன் வீட்டுக்காரி குடைக்குள் நிற்கவில்லை. தேயிலைச் சரிவிலிருந்து தண்ணீர் இறங்கிச் சாலையோர வாய்க்காலில் பாய்ந்து ஓடுவதை, குனிந்து, நனைந்துகொண்டே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம்தான் இருந்தது.

"ஏனுங்ண்ணா, இத்தனையும் சும்மாவா போகுது? ஆருமே ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணோணும்மா" என்றார் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து உன் அண்ணன், அதைவிடக் கோபமாக. உடனே இறங்குகிற பேச்சு அத்தோடு போயிற்று.

கேனை இறக்க வேண்டியிருந்தது. துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல இடது பக்கம் நின்றேன். மறுமுனை சும்மா தொங்கியது. உன் அண்ணன் வந்து பிடித்தார். தூக்கினோம். பாரம் முழுக்க என் மேல் விழுந்ததுபோல இருந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் தோள் இறங்கிவிட்டது. இது என்ன புதிதாக இருக்கிறது என்று பார்த்தேன். அவர் துண்டை நுனியில் பிடித்திருந்தார். நானும் எப்போதும் அப்படித்தான் நுனியில் பிடிப்பேன். நீ முடிச்சை ஒட்டிப் பிடிப்பாய், பாரத்தில் பெரும்பங்கு உன் கைக்குப் போகும். இத்தனை வருஷமும் ஆளுக்குப் பாதி என்று நினைத்துத்தான் உன்னோடு படியேறியிருக்கிறேன்.

மேலே, ஒழுகாத பாதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே அக்கா பருப்பு வேகவைக்கிறாள். உன் வீட்டுக்காரி அடுப்பருகே நின்று அது மலர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் கேன் மலைத்தண்ணீரோடு இறங்க வேண்டும். ஆவணியில் வண்டி போய்விடும். அடுத்த ஆடிக்கு பஸ்ஸில் இதை ஏற்றவிடுவார்களா என்று உன் அண்ணன் இப்போதே கேட்கிறார். திட்டம் போட வேண்டும். அவர் நுனியைப் பிடிக்கட்டும். நான் முடிச்சை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறேன்.