சார்ஜ் ஏறாத ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே காரைத் தவிர எல்லோரும் நலம். நீயும் நலமாக, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன்னால் வந்த வினை. மாடியில் சோலார் போட்டு, பகல் வெயிலில் காரைச் சார்ஜ் செய்து, சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் காரிலிருந்து கரண்ட்டை ஊர் கரண்ட் லைனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. பகலில் கேட்டால் "சார்ஜ் ஏறுது, தொடாதே", சாயங்காலம் கேட்டால் "கரண்ட்டு குடுக்குது, தொடாதே". பிறகு எதற்கடா கார்? எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் போய், "ஃபேன் நல்லா சுத்துதா? நம்ம கார் குடுக்கறதுதான்" என்கிறார். அவர் ஒருநாள் வாசல் விளக்கை அணைக்க மறந்ததற்கு, "நாங்க நடந்து போய் மிச்சம் பிடிக்கறோம், நீங்க வெட்டியா எரிக்கறீங்களே" என்று சண்டைக்கே போய்விட்டார். மானம் போயிற்று.

இதற்கு நடுவில் என் அக்கா, உன் பெரியம்மா, போன் செய்தாள். எங்கள் அம்மாவின் தையல் மிஷின் யாருக்கு என்பதில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், உன் கல்யாணத்துக்குக்கூட வராதவள், தானாகவே, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்களேன்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையும் விட்டால் இந்த ஜென்மத்தில் பேசிக்கொள்ள மாட்டோம் என்று பயம் வேறு. சனிக்கிழமை முழுக்க மேகமூட்டம். காருக்கு ஏறியதே கொஞ்சம், அதையும் சாயங்காலம் இந்த வள்ளல் லைனுக்குத் தாரை வார்த்துவிட்டார். கேட்டால், "போறதுக்குப் போதும்" என்றார். போதுமாகத்தான் இருந்தது, பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றது நின்றதுதான். அவள் சமையலறை பிளக்கிலிருந்து வயரை இழுத்துச் சொருகினோம்.

சாப்பிட்டு முடிக்கிற வரை அக்காவும் நானும் வெயிலையும் மழையையும் பற்றியே பேசினோம். அப்புறம் அவள் என் தலையைப் பார்த்து, "ஏண்டி, இப்படி நரைச்சுப் போயிட்டே?" என்றாள். சிரித்தேன், அழுகை வந்துவிட்டது, அவளும் அழுதாள். சரியாக அந்த நேரம் பார்த்து உன் அப்பா, "இன்னும் ஒரு மணி நேரம் ஏறினா கிளம்பிடலாம், சாயங்காலம் கரண்ட்டு குடுக்கணும்" என்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில், தண்ணீர் குடிக்கப் போவதுபோலச் சமையலறைக்குப் போய் அந்தச் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன்.

அது ஏற்கெனவே அணைந்திருந்தது. எனக்கு முன்னாலேயே எழுந்து வந்த அக்கா, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்று அந்தத் தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன். வீடு போய்ச் சேரக் காரில் சார்ஜ் இல்லை, அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டோம்.

சார்ஜ் ஏன் ஏறவில்லை என்று அப்பா உன்னைத்தான் கேட்கப்போகிறார். கார் எப்போது ஏறியது, எப்போது நின்றது என்று உன் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியுமாமே, தெரிந்தாலும் வாயைத் திறக்காதே. அந்தப் பக்கம் வோல்டேஜ் கம்மி என்று சொல்லிவிடு.

மருமகளுக்கும் உனக்கும் என் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பெரியம்மா வருகிற ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறாள். சார்ஜ் ரொம்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டாம் என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மா