குவிப்போவுக்கு முச்சை கட்டினது

டிசம்பர் 5, வியாழன்

மழை விட்டுவிட்டது. பட்டறையில் இரண்டு வள்ளங்கள் வயிறு கிழிந்து கிடக்கின்றன. பைபர் ஒட்டி எடுக்க வெயில் வேண்டும். வெயிலுக்கு என்னோடு என்ன கோபமோ, எட்டியும் பார்க்குதில்லை.

பின்னேரம் மனிசி போனைக் கொண்டுவந்து என் காதுக்குள் வைத்தாள். லண்டனிலிருந்து மருமகள், தங்கச்சியின் மகள் டிலக்ஷி, குரல் பதிந்து அனுப்பியிருக்கிறாள். பதினொரு வயது. "மாமா, பொங்கலுக்கு நாங்கள் வாறம். எனக்கு குவிப்போ பட்டம் கட்டுங்கோ. பெரிசா. கடற்கரைப் போட்டிக்கு விடுவம்."

பதினாறு வருசமாகப் போட்டிக்குப் பட்டம் கட்டுகிறேன். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, ஒருமுறை வாயைத் திறந்து மூடும் முதலையும் கட்டினேன். குவிப்போ என்று ஒன்று கேள்விப்பட்டதேயில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

படம் வந்தது. ஏதோ ஒரு விளையாட்டாம். அறுநூறு விசித்திரப் பிராணிகளாம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் போனுக்குள் அடைத்து வைத்துச் சண்டைக்கு விடுங்களாம். அதில் ஒன்றுதான் இந்தக் குவிப்போ. பென்குயின் மாதிரி, ஆனால் கத்தரிப்பூ நிறம். தலையில் சிப்பி கவிழ்த்தது போல ஒரு தொப்பி. பெரிய வண்டி வயிறு, சின்னச் செட்டை. மூக்கு மட்டும் ஆகாயத்தைப் பார்க்கிறது.

பறக்காத பறவையைப் பறக்கவிட வேண்டுமாம். இதற்கு என்னைத்தான் கண்டிருக்கிறாள்.

கூடவே அதன் குணநலக் குறிப்பையும் தமிழில் வாசித்து அனுப்பியிருக்கிறாள். "குவிப்போவுக்குப் பெருமை கூட. விழுந்தால், தானாத்தான் விழுந்தது எண்டு நிக்கும். ஆரும் சாப்பாடு குடுத்தால் வாங்காது. அவை போனாப் பிறகு சாப்பிடும். பிழை விட்டால் மற்றப் பக்கம் பார்க்கும்."

இப்படி ஒரு பிறவியை எந்தப் பிள்ளை விரும்பும் என்று மனிசியிடம் கேட்டேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். புரையேறித் தண்ணீர் குடித்துவிட்டும் சிரித்தாள். அப்படி என்ன பகிடி என்று எனக்கு விளங்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒன்பது வருசத்துக்குப் பிறகு தங்கச்சி தக்சாயினி ஊருக்கு வருகிறாள். எனக்கு இதை அறிவித்தவர்கள்: என் மனிசி, மச்சான் றஜிந்தன், மருமகள், சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். அறிவிக்காத ஒரே ஆள் தக்சாயினி. அவள் என்னோடு கதைப்பதில்லை. மனிசியோடு வீடியோவில் கதைக்கும்போது நான் குறுக்கே போனால் உடனே போன் திரும்பி, லண்டன் வீட்டு முகடு தெரியும். அந்த முகட்டில் எத்தனை விளக்குகள் என்று எனக்கு மனப்பாடம்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அம்மா ஒரு சனிக்கிழமை மோசம் போனா. "செவ்வாய் விடிய வந்து சேருவன் அண்ணை. அம்மான்ரை முகத்தைப் பார்க்கோணும். பொறுங்கோ" என்று இவள் போனில் அழுதாள். செவ்வாய்க்கிழமை பிரேதம் எடுக்கிறதில்லை என்றார் அடுத்த வளவு ஆழ்வாப்பிள்ளையர். அப்படியென்றால் புதன் வரைக்கும் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் கூடாதென்று ஊரும் தலையாட்டியது. நான் திங்கள் பின்னேரமே எடுப்பித்துவிட்டேன். செவ்வாய் விடிய இவள் பெட்டியோடு வந்து, கழுவிவிட்ட விறாந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் செய்தது சரிதான். ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

டிசம்பர் 14, சனி

பட்டம் கட்டத் தொடங்கியாயிற்று. பன்னிரண்டு அடி உயரம். மூங்கில் சீவ ஜெரிசன் வந்தான். பத்து வருசமாக எனக்குக் கயிறு பிடிக்கிறவன், இருபது வருசமாகப் புத்தி சொல்கிறவன். "அண்ணை, உந்த வண்டி பாரம். காத்து உதுக்குள்ளை புகுந்து நிக்கும்" என்றான். எனக்குத் தெரியாதா? வண்டியை இரண்டு தட்டாக்கி, நடுவில் காற்றுப் போக வழி விட்டிருக்கிறேன்.

சாப்பாடு போட்டுவிட்டதென்று மனிசி மூன்று தரம் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன். எல்லாரும் போன பிறகு குசினிக்குள் போய்ச் சாப்பிட்டேன். மீன்குழம்பு திறம்.

டிசம்பர் 21, சனி

ஆழ்வாப்பிள்ளையர் வந்து பட்டத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "உது என்ன, வாதம் பிடிச்ச காகமோ?"

பென்குயின் என்றேன். எங்கடை பெடியள் புலி, யானை எல்லாம் விடுகிற இடத்தில் உது ஆருக்குப் பயன் என்று கேட்டார். தங்கச்சியின் பிள்ளை கேட்டது என்றேன். "ஓ, அவள் வாறாளோ? நல்லது, நல்லது. நீ அண்டைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம்" என்றார்.

கையிலிருந்த பசைச் சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. எனக்கு இவ்வளவு பொறுமை இருப்பது ஊருக்குத் தெரியாது.

டிசம்பர் 28, சனி

வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஜனவரி முதல் கிழமையே தொடங்குகிறதாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். காய்ச்சல்காரி வந்து இறங்கினதும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள்.

தக்சாயினி மெலிந்துபோனாள். காதோரம் நரை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. "பயணம் எப்பிடி?" என்று கேட்டேன். அவள் மனிசியிடம், "நல்லாயிருந்தது மச்சாள்" என்றாள்.

பட்டத்தைப் பார்த்த டிலக்ஷி மூன்று குறை சொன்னாள். தொப்பி சிறிது. கண் சரியில்லை. "குவிப்போ இப்பிடிச் சிரிக்காது மாமா. அது ஒரு நாளும் சிரிக்காது." சரி, சிரிப்பை அழித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

வெள்ளோட்டம். வாடைக்காற்று நல்ல இறுக்கம். குவிப்போ தென்னைமர உயரம் வரைக்கும் போய், மல்லாந்து, இடப்பக்கம் சுழன்று, மூக்குக் குத்த விழுந்தது. முச்சை பிழை என்றான் ஜெரிசன். பட்டத்தின் நெஞ்சில் கட்டி நூலோடு சேர்க்கிற கயிறுதான் முச்சை. அதில் ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் பட்டமில்லை. இது பதினாறு வருசமாகக் கட்டுகிற எனக்கு இவன் சொல்கிற பாடம்.

முச்சை சரி, காற்றுத்தான் பிழை என்றேன். இறக்கிப் பார்க்கத்தான் விட்டேன் என்றும் சொன்னேன். டிலக்ஷி என்னை நிமிர்ந்து பார்த்தாள், பட்டத்தைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

ஜனவரி 13, திங்கள்

நாளைக்குப் பொங்கல், நாளைக்குப் போட்டி. ஜெரிசன் திரும்பவும் முச்சையைப் பற்றிக் கதைத்தான். வீட்டுக்குப் போ என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எங்கே தொடங்குவது?

கடற்கரையில் எள் போட இடமில்லை. வெளிநாட்டுச் சனம் பாதி, ஐஸ்கிறீம் வான் மீதி. ஆகாயத்தில் கப்பல், தேர், சிறகடிக்கிற வௌவால். எங்கள் முறை வந்தது. ஒலிபெருக்கிக்காரர் பேப்பரைப் பார்த்தார், பட்டத்தைப் பார்த்தார், "அடுத்ததாக… கடல் வாத்து!" என்றார். டிலக்ஷிக்கு வந்த கோபம்! மேடைக்குப் போய்த் திருத்திவிட்டு வந்தாள்.

நாலு பேர் கயிற்றைப் பிடித்தோம். தூக்கிவிட்டார்கள். எழும்பிச்சு, எழும்பிச்சு — மல்லாந்து, சுழன்று, மூக்குக் குத்த மணலில். சனம் சிரித்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொரு தரம் விடலாம், பத்து நிமிசம் இருக்கிறது என்றார்கள். அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"ஜெரிசன், மேல் முச்சை நீளம். ஒரு சாண் குறைக்கச் சொல்லுங்கோ."

தக்சாயினி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் எனக்குப் பட்டம் தூக்கிப் பிடித்தவள் அவள்தானே. அவள் பிடித்த பட்டம் ஒன்றும் விழுந்ததில்லை. அதைச் சொன்னால் வாயில் முத்து உதிர்ந்துவிடும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஒரு சாண் கூடிப்போம் எண்டு சொல்லு, ஜெரிசன்" என்றேன்.

"கூடாதெண்டு சொல்லுங்கோ."

ஜெரிசன் இருவருக்கும் நடுவில் நின்றான். "நீங்கள் ரெண்டுபேரும் எட்டினால் தொடுற தூரத்திலை நிக்கிறியள். நான் என்ன, தபால்காரனோ?" என்றான்.

நான் குந்தியிருந்து முச்சையை அவிழ்த்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. திரும்பக் கட்ட முடிச்சு வரவில்லை. அவள் குனிந்து, என் கையைத் தட்டிவிட்டு, தானே ஒரு சாண் அளந்து கட்டினாள். பிறகு போய்க் குவிப்போவைத் தூக்கிப் பிடித்தாள். "இழுங்கோ!" என்று கத்தினாள். ஜெரிசனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

போச்சுதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு, கத்தரிப்பூ நிறத்தில் அந்தக் குண்டுப் பிறவி மேலே மேலே போச்சுது. "குவிப்போ பறக்கக் கூடாது மாமா! பிழை! பிழை!" என்று டிலக்ஷி துள்ளித் துள்ளிக் கத்தினாள்.

பதினேழாம் இடம். ஆறுதல் பரிசு ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

ஜனவரி 15, புதன்

காலையில் வணக்கம் சொன்னேன். தலையாட்டினாள். முன்னேற்றம்.

ஜனவரி 17, வெள்ளி

கிணற்றடியில் தனிய நின்றாள். நான் போனேன். அவள்தான் தொடங்கினாள். "அம்மா கடைசியா என்னைக் கேட்டவவோ?"

"கேட்டவ. ரெண்டு தரம்."

அவள் வாளியை இழுத்து எடுத்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வாய் நிற்குமா? "செவ்வாய்க்கிழமை எண்டு ஆக்கள் சொன்னவை…" என்று தொடங்கினேன்.

"செவ்வாயை எனக்குச் சொல்லாதையுங்கோ! நான் கேட்டது ஒரு முகம். ஒரேயொரு தரம் பார்க்க." வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நிண்டன். என்ன மனிசனடா நீ? முச்சை பிழை எண்டு ஊருக்கு முன்னாலை அவிழ்க்கத் தெரிஞ்சுது. இதைச் சொல்லத் தெரியேல்லை. ஒரு நாள் — ரெண்டு நாள் — ஐஸ் வைச்செண்டாலும் வைச்சிருக்கலாம். ஆழ்வாப்பிள்ளையரோ அவளுக்கு அண்ணன்? நான்தானே. பிழை விட்டிட்டன். பிழை விட்டிட்டன் எண்டு இஞ்சை எழுதிறன், அவளுக்கு முன்னாலை வாய் வருகுதில்லை.

ஜனவரி 23, வியாழன்

தக்சாயினியும் மச்சானும் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு போனார்கள். சேலை உடுக்கமாட்டேன் என்று டிலக்ஷி என்னோடு நின்றுவிட்டாள். சனிக்கிழமை அம்மாவின் திவசம். இரவு பஸ்ஸில் வந்து விடிய இறங்குவோம் என்று தக்சாயினி மனிசியிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருசமாக நான் தனியச் செய்த திவசம்.

ஜனவரி 25, சனி

விடிய வரவில்லை. எட்டு மணிக்குப் போன் வந்தது. வவுனியாவுக்கு இந்தப் பக்கம் பஸ் பழுதாம். ஒன்பதுக்கு ஐயர் வந்தார். தர்ப்பை, எள், வாழைக்காய், எல்லாம் விறாந்தையில் தயார். தொடங்குவோமா என்றார்.

தங்கச்சி வந்த பிறகு என்றேன்.

பத்து. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றுக்கு உடுப்பிட்டியில் இன்னொரு வீடு இருக்கிறதாம். "போட்டு வாங்கோ ஐயா, நாங்கள் இருக்கிறம்" என்றேன். ஐயர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆழ்வாப்பிள்ளையர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். "பிரகலாதன், நேரம் தப்பினால் கொம்மாவுக்குப் போய்ச் சேராது. தம்பி, சொல்லுறதைக் கேள்."

"அண்டைக்கு உங்கடை சொல்லைக் கேட்டனான்" என்றேன். "பிழை உங்களிலை இல்லை. கேட்டது நான். இண்டைக்குக் கேக்கேல்லை." சத்தமாகத்தான் சொன்னேன் போல. முற்றத்தில் கதைத்துக்கொண்டு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார்.

டிலக்ஷி படியில் இருந்து போனில் குவிப்போவைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். பசிக்குது என்றாள். வாழைப்பழம் கொடுத்தேன். "ஏன் மாமா பாத்துக்கொண்டிருக்கிறம்? எல்லாரும் வந்திட்டினமே."

"முந்தி ஒருக்கா உன்ரை அம்மா பொறுக்கச் சொன்னவ. நான் பொறுக்கேல்லை. அது பிழை."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னோடு ஒட்டி இருந்தாள். பன்னிரண்டும் போனது. சோறு ஆறியது. மனிசி வந்தவர்களுக்கெல்லாம் மூன்றாம் தரம் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஒன்றேகாலுக்கு ஓட்டோ வந்தது. தக்சாயினி பையும் கையுமாக ஓடி வந்தாள். தலை கலைந்து, முகம் வீங்கி — வழி முழுக்க அழுதிருக்கிறாள். எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். விறாந்தைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். தர்ப்பை கட்டு அவிழாமல் கிடந்தது.

"இன்னும் தொடங்கேல்லையோ அண்ணை?"

"நீ வரேல்லையெல்லே" என்றேன்.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு அந்த விறாந்தையிலேயே இருந்து அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஐயரைக் கூட்டிவர ஜெரிசன் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போனான்.