கொப்பளித்தும் போகாத கறுப்பு

மச்சான், இன்று காலை நெல் ஆலைக்குப் பின்னால் உன் தம்பி உமியைக் குவித்து நெருப்பு வைத்திருக்கிறான். உடையார்கட்டு முழுக்க அந்த மணம். முன்பு எனக்குப் பிடித்த மணம்தான். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன்.

உன் மேல் முரசில், பல்லுக்கு மேலே ஈறில், அந்தக் கறுப்புப் புள்ளியை முதலில் கண்டவன் நான். நம் இருவர் வயலுக்கும் நடுவிலுள்ள வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "வெத்திலைக் கறை ஏறி வாய் அடுப்பு மாதிரிக் கிடக்கு" என்று நக்கலடித்தேன். மறுநாளே பல் தேய்க்கவென்று பால்மாத் தகரப் பேணி நிறைய உமிக்கரி இடித்துக் கொண்டுவந்து தந்தேன். யார் சொல்லையும் கேட்காத நீ இதை மட்டும் கேட்டாய். மூன்று மாதம் நாள் தவறாமல் தேய்த்தாய். கறுப்பு பெருத்தது. கரிதான் ஒட்டிக்கிடக்கிறது என்று இருந்துவிட்டோம்.

பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் கிளிநொச்சிக்குப் போனோம். பல் டொக்டர் அம்மா தண்ணீர் தந்து, "கொப்பளியுங்கோ" என்றார். கொப்பளித்தாய். கறுப்பு போகவில்லை. அவர் முகம் மாறியது. சின்னத் துண்டொன்று வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார், ஸ்கான் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தது: மெலனோமா. தோலில் வருகிற புற்றுநோயாம், வாய்க்குள் வருவது மிக அபூர்வமாம். தாடை எலும்புக்குள்ளும் இறங்கியிருந்தது.

"கரியால வந்ததில்லை. ஆனா பிந்திப்போச்சு. ஆர் தேய்க்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர். நானாத்தான் தேய்ச்சனான்."

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

மேல் தாடையில் பாதியை எடுத்து, ஓட்டையை மூடத் தகடு வைத்தார்கள். தகட்டைக் கழற்றினால் பேச்சு மூக்கால் போகும். வேண்டுமென்றே கழற்றிவிட்டு, "உன்ர கரியால மிச்சப் பல்லெல்லாம் வெள்ளையடா" என்பாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுவாய். கதிர் சிகிச்சையும் நடந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. அடுத்த விதைப்புக்கு நீ இல்லை.

இப்போது யார் வாய் திறந்தாலும் உள்ளே பார்க்கிறேன். நேற்று உன் தம்பி உமிக்கரியால் பல் தேய்த்த வாயோடு வரம்பால் வந்தான். முரசோரம் கறுப்பு. என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

"கொப்பளி!"

"என்னண்ணை, விசரே உங்களுக்கு?"

"கொப்பளியடா!"

கொப்பளித்தான். கறுப்பு போய்விட்டது. நான் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். உனக்குக் கரி தந்தது நான்தான் என்று அவனிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. அண்ணன் சொன்னவர். நீங்களாச் சொல்லுமட்டும் கேக்கவேண்டாம் எண்டவர்."

போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை என்னிடமே தந்தான். குடித்தேன், மச்சான். இன்றும் வயலுக்கு அந்தப் போத்தலை நிரப்பிக் கொண்டுதான் போகிறேன்.