ஓடும்போது மெல்லும் மிட்டாய்க்கு நான் போட்ட ஒன்பது

ஜன. 7, புதன்
பனி. சேக்காடு ரோட்டில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. போன வாரம் எங்கள் ஓட்டக் குழுவில் மெர்சி கேட்டது: "மூச்சு வாங்கிக்கினு ஓடச் சொல்லோ எப்டி டீச்சர் மெல்றது?" அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. முதல் தடவையாக இருபத்தோரு கி.மீ. ஓடப்போகிறாள். அவ்வளவு தூரத்துக்கு வழியில் ஏதாவது இனிப்பு வேண்டும், இல்லாவிட்டால் கால் துவளும்.

ஓட்டக் குழுவை நடத்தும் தயாளன் மூன்று வகை கொண்டுவந்து கொடுத்தார். ஜெல்லிக் கட்டி, பேரீச்சை உருண்டை, கடலை பார். "நீங்க நடக்குறவங்க, நிதானமா மென்னு பாத்து மார்க் போடுங்க. டீச்சர் போட்டா எவனும் எதிர்த்துப் பேச மாட்டான்."
பெருமையாகத்தான் இருந்தது.

ஜன. 8, வியாழன்
வேக நடை. ஜெல்லி. இரண்டாவது கடியில் மேல் பல் செட் கழன்று நாக்கின் மேல். சுவர்ப் பக்கம் திரும்பி எல்லாம் கைக்குட்டையில். யாரும் பார்க்கவில்லை. செட் கட்டியது குழுவில் யாருக்கும் தெரியாது. பேரீச்சையும் அதே கதி. கடலை பாரைக் கடிக்கவே இல்லை. நக்கினேன். இனிப்பு.
மாலை தோசைக்கு அரைத்து வைத்துவிட்டு மார்க். ஜெ. 3, பே. 4, க. 9. "மெல்ல எளிது" என்றும் எழுதிக் குழுவில் அனுப்பினேன். விடைத்தாளைத் திறக்காமலே.

ஜன. 11, ஞாயிறு
திருநின்றவூர் வரை நீள ஓட்டம். ஏரிப் பக்கம் தண்ணீர் கேனோடு நான். மெர்சி ஓடிக்கொண்டே கடலை பாரைக் கடித்தாள். துகள் மூச்சுக்குழாயில். இருமி இருமிக் கண் பிதுங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். தயாளன் முதுகில் தட்டத் தட்ட ஒருவழியாக வந்தது.
"டீச்சர் ஒம்போது போட்டதையே எனக்கு மெல்லத் தெர்ல. நான்லாம் இன்னாத்துக்கு ஓடறது? என் பேர எட்த்துடுண்ணா."
"அவசரப்பட்டு முழுங்கிட்டம்மா நீ" என்றார் தயாளன்.
தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஜன. 12, திங்கள்
வெயில். தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது. பொரியை ஊதினால் பறக்கும், வெல்லப்பாகு பறக்காது. கடலைத் துகளும் அப்படித்தான் மூச்சோடு உள்ளே பறக்கும், ஒட்டும் ஜெல்லி பறக்காது. ஏழாம் வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். அவளுக்குச் சொல்லவில்லை.
மாலை மெர்சி வீடு. செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினேன். பாரைக் கடிக்கவே இல்லை என்று சொன்னேன். வாய் குழறியது.
"அப்ப அந்த ஒம்போது?"
"சும்மா போட்டது."
"நான் செத்துருப்பேன் டீச்சர்."
உட்காரச் சொல்லவில்லை. கையிலிருந்த செட்டைப் பார்த்தபடி, "பல்லப் போட்டுக்கோ. நீ பேசறது பாதி காத்தாப் பூடுது." படி இறங்கும்போது பின்னாலிருந்து, "அந்த ஜெல்லி மீதி இருக்குதா?"

ஜன. 13, செவ்வாய்
ஜெல்லியைக் கொடுத்தாயிற்று. குழுவில் போட்டேன்: மூன்று மார்க்கும் செல்லாது. எனக்குப் பல் செட், நான் மெல்லவில்லை. கீழே இதையும் சேர்த்தேன்: எந்த மிட்டாயானாலும் ஒரு சிறு துண்டை வாயில் போட்டு முதலில் வேகமாக நடந்து மென்று பாருங்கள், மூச்சு முட்டினால் நின்று துப்பிவிடுங்கள்.